பாட்டுக்காரர் தலையில் பார்த்தது நம் தலைக்கு வருமா? ஸ்டைல் எங்கே ஒட்டுகிறது, எங்கே சொதப்புகிறது

புதுராகம்

இசைக்கலைஞர்களைப் பார்த்து முடி வெட்டிக்கொள்வதும் உடை மாற்றுவதும் புதிதில்லை. ஆனால் சில ஸ்டைல் ஒரே மாதத்தில் தெருவெங்கும் பரவிவிடுகிறது. வேறு சில, எவ்வளவு பெரிய பாடகர் வைத்தாலும் மேடையைவிட்டு இறங்குவதே இல்லை. ரசிகர் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று தோன்றவில்லை. முடி வெட்டுகிறவர்கள், கலரிங் செய்கிறவர்கள், தைக்கிறவர்கள் எல்லோரும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். "இந்தக் காலத்துப் பசங்க..." வகைப் பேச்சு வேண்டாம். எத்தனை மில்லிமீட்டர், எத்தனை நிமிடம், எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்று எழுதுங்கள்.

வினைல்பெட்டி

என் கணக்கு இதுதான்: காலையில் கண்ணாடி முன்னால் பத்து நிமிடத்தில் செய்ய முடிந்தது பரவும். மேக்கப் அறையும் உதவியாளரும் தேவைப்படுவது பரவாது.

எல்விஸ் பிரெஸ்லியை எடுங்கள். முன்முடியைத் தூக்கி நிறுத்தி, பொமேட் (முடியை நிறுத்தும் தலைமெழுகு) போட்டு, பக்கங்களைப் பின்னால் வாரிய பாம்படோர். அவருடைய இயற்கை நிறம் மங்கலான பழுப்பு. கருப்பு வெறும் சாயம். ரசிகர்கள் வாரும் விதத்தை எடுத்துக்கொண்டார்கள், சாயத்தை விட்டுவிட்டார்கள். ஒரு டப்பா பொமேட், ஒரு சீப்பு, போதும். 1958 மார்ச்சில் ராணுவத்தில் சேர்ந்தபோது அவர் முடி ஒட்ட வெட்டப்பட்டது. தெருவில் பாம்படோர் அதற்காக நின்றுவிடவில்லை.

பீட்டில்ஸின் நெற்றியில் இறங்கும் முடி இன்னும் தெளிவான உதாரணம். ஹாம்பர்க்கில் புகைப்படக்காரர் அஸ்ட்ரிட் கிர்ஷெரைச் சுற்றியிருந்த மாணவர் கூட்டத்தின் ஸ்டைல் அது. குழுவில் முதலில் அதற்கு மாறியவர் அப்போது பேஸ் கிதார் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப். 1961 அக்டோபரில் பாரிஸில் அந்தக் கூட்டத்து நண்பர் யூர்கன் ஃபோல்மர் லென்னனுக்கும் மெக்கார்ட்னிக்கும் அதே மாதிரி வெட்டினார். கிரீஸ் கிடையாது, கழுவு, முன்னால் இறக்கு, காயவிடு. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அவர்களை ஏறத்தாழ 7.3 கோடி பேர் பார்த்தார்கள். அவர்களில் யாருக்கும் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. சில மாதம் வெட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதரின் கிராப்பு 1930, 40களில் பரவியதும் இப்படித்தான்: கழுத்தில் இறங்கும் முடி, பின்னால் வாரிவிட்டால் தீர்ந்தது.

எதிர்ப்பக்கம் டேவிட் போவி. 1972-இல் முடிதிருத்துநர் சூசி ஃபஸ்ஸி வெட்டி, சிவப்பு சாயம் ஏற்றி, செட்டிங் லோஷனால் உச்சியை நிறுத்திய தலை அது. எல்லோருக்கும் தெரிந்தது, பேசப்பட்டது. ஆனால் தினமும் நிறுத்தி வைக்க முடிந்தவர்கள் குறைவு. மேலே குட்டை, பிடரியில் நீளம் என்ற வடிவம் மட்டும் தனியாகப் பிரிந்து போய் ஊரெல்லாம் சுற்றியது.

மூணாம்நம்பர்

கடையில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். போட்டோ கொண்டுவருவது நல்லது, ஆனால் ஒன்று போதாது. முன்பக்கம், காதுப்பக்கம், பிடரி மூன்றும் வேண்டும். மேடைப் போட்டோ வேண்டவே வேண்டாம். பின்னாலிருந்து விளக்கு அடிக்கும்போது முடி இரண்டு மடங்கு அடர்த்தியாகத் தெரியும். ஃபைபர் பவுடர் தூவியிருப்பார்கள், கிளிப் முடி சேர்த்திருப்பார்கள். அதே பாடகர் விமான நிலையத்தில் நடந்துபோகும் படம் இருந்தால் அதைக் காட்டுங்கள், அதுதான் உண்மை சொல்லும்.

வெட்டுவதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: சுழி எங்கே இருக்கிறது, எத்தனை சுழி, முடி வேரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்புகிறது. முன்நெற்றியில் சுழி இருப்பவருக்கு நேராக இறங்கும் நெற்றிமுடி சரிவராது, நடுவில் பிளந்துகொள்ளும். அவருக்கு ஓரமாக ஒதுக்கிவிடுவதே வழி. உச்சியில் இரட்டைச் சுழி இருந்தால் அங்கே 4 செ.மீ.க்குக் கீழே போகக் கூடாது, போனால் குச்சிகுச்சியாக நிற்கும்.

இப்போது அதிகம் கேட்பது கொரிய இசைக்குழுக்களால் பரவிய டூ-பிளாக் கட்டிங். முறை:

நெற்றி மூலையில் தொடங்கி, மண்டை உள்பக்கம் வளையத் தொடங்கும் கோட்டை ஒட்டி, பின்பக்கம் வரை வகிடு எடுத்து, மேல்முடியைக் கிளிப் போட்டுத் தூக்கிவிடுங்கள். கீழ்ப்பகுதி முழுவதும் ஒரே அளவு. அடர்த்தியான முடிக்கு 6 மி.மீ. (இரண்டாம் நம்பர்), மெல்லிய முடிக்கு 10 மி.மீ. (மூன்றாம் நம்பர்). தோல் தெரிய ஃபேட் (கீழிருந்து மேலே படிப்படியாக நீளம் கூட்டுவது) ஏற்றினால் அது வேறு கட்டிங். மேலே முன்பக்கம் 10-12 செ.மீ., பின்னால் போகப்போக 7-8 செ.மீ. மேல்முடி வகிட்டுக் கோட்டைத் தாண்டிக் குறைந்தது 3 செ.மீ. கீழே விழ வேண்டும். இல்லாவிட்டால் கோடு பளிச்சென்று தெரியும்.

முழுக்கக் காயவைத்த பிறகு, நுனி 2-3 செ.மீ.யில் மட்டும் தின்னிங் கத்தரி (அடர்த்தி குறைக்கும் பல் கத்தரி). வேர்ப்பக்கம் தின்னிங் போட்டால் உள்ளே குட்டை முடிகள் நின்று மேல்முடியைத் தள்ளும், ஒரு வாரத்தில் தலை உப்பிவிடும். சொதப்பல்களில் பாதி இந்த ஒரு கத்தரியால்தான்.

மற்றப் பாதி, வகிட்டை மிக மேலே எடுப்பது. மேலே எடுத்தால் மேல்முடியில் எடை போதாது, படியாமல் எழுந்து நிற்கும்.

நெளிகோடு

விறைப்பான நேர்முடிக்காரர்களுக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு சிக்கல் வரும். பக்க முடி ஒன்றரை செ.மீ. ஆனதும் படுக்கையாக நீட்டிக்கொண்டு நிற்கும். கொரியப் பாடகர்களுக்கு அது நடப்பதில்லையே என்று கேட்பார்கள். அங்கே டவுன் பெர்ம் (ரசாயனத்தால் முடியைப் படியவைப்பது) செய்கிறார்கள். பக்க முடிக்கு மட்டும் பெர்ம் கிரீம், சீப்பால் தலையோடு ஒட்டப் படியவைத்து, மேலே தாள் ஒட்டி, பொருளின் அட்டையில் சொல்லும் நேரம் (பெரும்பாலும் 10-15 நிமிடம்), கழுவி, நியூட்ரலைசர் (புது வடிவத்தை நிலைநிறுத்தும் திரவம்). காது மடலிலும் முடி விளிம்பிலும் முன்கூட்டியே வாசலின் தடவ வேண்டும், கிரீம் தோலில் பட்டால் எரியும். வளரும் புது முடி மறுபடி நீட்டிக்கொண்டுதான் வரும், ஆகவே நான்கு வாரக் கணக்கு.

நிறக்கலவை

கலர் பற்றி நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அதிக முடி கெடுவது இங்கேதான்.

முடியின் நிறத்தை 1 முதல் 10 வரை லெவல் என்று கணக்கிடுகிறோம். கருப்பு 1-2, அடர் பழுப்பு 3-4. பிளீச் ஏற ஏற உள்ளே இருக்கும் நிறம் வெளியே வரும்: சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், கடைசியில் வாழைப்பழத் தோலின் உட்பக்கம் போன்ற வெளிர்மஞ்சள். அதுதான் லெவல் 10. பாடகர் தலையில் பார்க்கும் சில்வர், லாவெண்டர், வெளிர் பிங்க் எல்லாம் அந்த லெவல் 10 வரை வெளுத்த முடியில்தான் ஏறும். செம்பு, ஒயின் சிவப்புக்கு லெவல் 5-6 போதும். பச்சைக்கு 8, ஏனென்றால் அடியிலிருக்கும் மஞ்சளே பச்சைக்கு உதவும். நீலத்துக்கு 9 வேண்டும். மஞ்சள் மிச்சமிருக்கும் முடியில் நீலம் போட்டுவிட்டு "பச்சையா வந்துடுச்சு" என்பவர்கள் நிறைய.

வினைல்பெட்டி சொன்ன போவியின் சிவப்பு இதற்கு நல்ல உதாரணம். அவர் முடி ஏற்கெனவே வெளிர் பழுப்பு. 30 வால்யூம் பெராக்சைடில் கலந்த சாயமே நிறத்தைத் தூக்கிவிட்டது. கருப்பு முடியில் அதே டப்பாவைத் திறந்தால் வெயிலில் மட்டும் லேசாகச் சிவப்பு தெரியும், அவ்வளவுதான்.

டெவலப்பர் (சாயத்தோடும் பிளீச்சோடும் கலக்கும் பெராக்சைடு): 10 வால்யூம் 3%, 20 வால்யூம் 6%, 30 வால்யூம் 9%, 40 வால்யூம் 12%. தலையோடு சேர்த்துப் பூசும் பிளீச்சுக்கு 20-க்கு மேல் போகாதீர்கள். 40 போட்டால் சீக்கிரம் முடியும் என்பது தவறான கணக்கு. நிறம் முழுதாக வெளியேறும் முன்பே முடியின் மேலோடு திறந்து சிதைந்துவிடும். குறைந்த வால்யூம், அதிக நேரம் என்பதே பாதுகாப்பு.

கலவை பெரும்பாலும் 1:2. பவுடர் 30 கிராமுக்கு டெவலப்பர் 60 மி.லி. பிளாஸ்டிக் கிண்ணம் மட்டும். முந்தின நாள் தலை குளிக்காமல் இருந்தால் நல்லது, எண்ணெய்ப்பசை தோலைக் காக்கும்.

முதலில் வேரிலிருந்து ஒன்றரை செ.மீ. விட்டு நடுமுடிக்கும் நுனிக்கும் பூசுங்கள். 20 நிமிடம் கழித்துத்தான் வேர். உடல் சூட்டினால் வேர்ப்பகுதி வேகமாக வெளுக்கும். ஒரே நேரத்தில் பூசினால் வேர் மஞ்சள், கீழே செம்மஞ்சள் என்று பட்டையாகத் தெரியும். வீட்டில் செய்தவர்களின் தலையில் முதலில் கண்ணில் படுவது இந்தப் பட்டைதான். மொத்த நேரம் 45-50 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தயாரிப்பாளர் குறைவாகச் சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள். கலவை காய்ந்துபோனால் வேலை நின்றுவிடும், மெல்லிய பிளாஸ்டிக் கவரால் மூடிவையுங்கள்.

லெவல் 2-லிருந்து 10-க்கு ஒரே நாளில் போகாதீர்கள். இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வாரம். ஒவ்வொரு முறையும் ஒரு முடியை ஈரமாக்கி மெல்ல இழுத்துப் பாருங்கள். நீண்டு, விட்டதும் சுருங்கினால் சரி. நீண்டுகொண்டே போய்த் திரும்பாமல் பிசினாக நின்றால் அன்றோடு நிறுத்துங்கள்; அடுத்த பிளீச்சில் கொத்தாகக் கையோடு வரும்.

பிறகு டோனர், 10 வால்யூமில், 5 முதல் 20 நிமிடம், நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொண்டே. டோனர் நிறத்தைச் சரிசெய்யும், வெளுக்காது. செம்மஞ்சள் முடியில் சில்வர் டோனர் போட்டால் சாம்பலும் வராது, பழுப்பும் வராது, சேறுதான் வரும்.

கருப்பு டை உட்பட நிரந்தரச் சாயம் எதையும் போடுவதற்கு 48 மணி நேரம் முன்னால் காதின் பின்புறமோ முழங்கை மடிப்பிலோ தடவிச் சோதிக்க வேண்டும். பிபிடி (கருஞ்சாயங்களில் இருக்கும் ரசாயனம்) ஒவ்வாமை சாதாரண விஷயமல்ல, முகமே வீங்கிவிடும். பிளீச் பவுடரில் உள்ள பெர்சல்ஃபேட் ஆஸ்துமாவைத் தூண்டும். ஜன்னலைத் திறந்துவைத்துக் கலக்குங்கள்.

கேள்விக்குறி

மருதாணி போட்ட முடியில் பிளீச் போடலாமா? போட்டு ஆறு மாசம் ஆச்சுன்னா?

நிறக்கலவை

ஆறு மாதத்தில் வளர்வது ஏறத்தாழ 6-7 செ.மீ. அதற்குக் கீழே இருக்கிற முடியில் மருதாணி இன்னும் இருக்கிறது. சுத்தமான மருதாணி என்றால் பிடிவாதமான செம்மஞ்சளில் நிற்கும், அதைத் தாண்டுவது கஷ்டம். அவுரி கலந்திருந்தால் வெளுக்கும்போது பச்சை தட்டும். ஆபத்தானது மூன்றாவது வகை: "கருப்பு மருதாணி" என்று விற்கும் பாக்கெட்டுகளில் சில சமயம் உலோக உப்பு இருக்கும். பெராக்சைடு பட்டால் சூடேறி, முடி அப்படியே கருகும்.

சோதனை: 20 வால்யூம் டெவலப்பர் 30 மி.லி.யில் 28% அமோனியா 20 சொட்டு. சீப்பில் சேர்ந்த முடியையோ மறைவான இடத்திலிருந்து வெட்டிய பத்துப் பதினைந்து முடியையோ அதில் 30 நிமிடம் ஊறவையுங்கள். கண்ணாடிக் கிண்ணம், கையுறை. சூடு, நுரை, துர்நாற்றம் இவற்றில் எது வந்தாலும் அந்த முடி வெட்டி வெளியேறும் வரை பிளீச் கிடையாது.

எதிர்த்தாளம்

வினைல்பெட்டியின் "சுலபமானது பரவும்" என்பதை ஏற்க முடியவில்லை. 1980களின் ஜெரி கர்ல் என்ன சுலபம்? மைக்கேல் ஜாக்சன் தலையில் பார்த்த அந்தப் பளபளச் சுருள். முதலில் கிரீம் போட்டு இயற்கைச் சுருளைத் தளர்த்த வேண்டும், அப்புறம் ராடில் சுற்றிப் பெர்ம், அப்புறம் நியூட்ரலைசர். அதோடு முடிந்ததா, தினமும் ஆக்டிவேட்டர் தெளித்து ஈரம் காக்க வேண்டும். சட்டைக் காலர் முதல் தலையணை வரை எண்ணெய்க் கறை. இருந்தும் ஊரெல்லாம் பரவியதே?

எனக்குத் தெரிவது வேறு. தனியாகக் கழற்றி வாங்க ஒரு பொருள் இருந்தால் பரவும். 1984-85 மடோனா ரசிகைகள் யாரும் முழு மடோனாவாக மாறவில்லை. ஒருத்தி ரப்பர் வளையல் மட்டும், இன்னொருத்தி தலையில் லேஸ் ரிப்பன் மட்டும், வேறொருத்தி விரல் இல்லாத கையுறை மட்டும். ரன்-டிஎம்சி என்ற ராப் குழு 1986-இல் அடிடாஸைப் பற்றிப் பாட்டே போட்டார்கள், மேடையில் கேட்டதும் கூட்டம் ஷூவைக் கழற்றித் தூக்கிக் காட்டியது, ஒப்பந்தமும் வந்தது. நாடா இல்லாமல் நாக்கை வெளியே தள்ளிப் போடுவதற்குத் தையல்காரரோ பார்பரோ தேவையில்லை.

வினைல்பெட்டி

ஜெரி கர்ல் சரியான அடி. ஆனால் அது சலூனில் மட்டும் இருந்தவரை மெதுவாகத்தான் போனது; வீட்டிலேயே செய்துகொள்ளும் பெட்டிகள் கடைக்கு வந்த பிறகே வெள்ளமானது. போனதும் நீங்கள் சொன்ன அந்தக் கறையால்தான். நீங்கள் சொல்கிற "வாங்க ஒரு பொருள்" எப்போதும் வேலை செய்யாததற்கும் உதாரணம் இருக்கிறது. கிரஞ்ச் (90களின் ராக் வகை) இசைக்காரர்கள் போட்டது பழைய துணிக்கடை ஃபிளானல் சட்டை. 1992 நவம்பரில் உடை வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸ் பெர்ரி எல்லிஸ் நிறுவனத்துக்காக அதை ஃபேஷன் மேடைக்கு ஏற்றினார், ஃபிளானல் கட்டத்தைப் பட்டுத் துணியில் அச்சிட்டு. அவர் வேலையே போனது. தெருவில் இருந்தவர்களுக்குப் பழைய சட்டையே போதுமானதாக இருந்தது.

எதிர்த்தாளம்

அதாவது பொருள் வேண்டும், ஆனால் மலிவாக வேண்டும். அதில் எனக்குச் சண்டையில்லை. சுலபம் மட்டும் போதாது என்பதில் நான் நிற்கிறேன். வீட்டில் திட்டு விழாத ஸ்டைல் எதுவும் பெரிதாகப் பரவிப் பார்த்ததில்லை.

பாவும்ஊடையும்

துணிப்பக்கம் இரண்டு விஷயம், ஏனென்றால் இரண்டிலும் ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, ஹிப்-ஹாப் பாணித் தொளதொள டி-ஷர்ட். இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் அது வராது. கழுத்து அகண்டு தோள்பட்டை தெரியும், நீளம் தொடைக்கு இறங்கும், அண்ணன் சட்டையைப் போட்ட மாதிரி ஆகும். உண்மையான ஓவர்சைஸ் வெட்டே தனி: தோள் தையல் தோள்முனையிலிருந்து 5-7 செ.மீ. கீழே விழும், மார்புச் சுற்று உடலைவிட 25-30 செ.மீ. அதிகம், ஆனால் நீளம் இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். கை அகலமாக, முழங்கையைத் தொடும். கழுத்து ரிப் 2-2.5 செ.மீ., இறுக்கமாக. துணி 220-260 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்) இருக்க வேண்டும், 160-இல் தைத்தால் உடம்போடு ஒட்டி வடிவமே நிற்காது. வெயில் ஊர்க்காரர்கள் 200-க்கு இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

ஏற்கெனவே பெரிய சைஸ் வாங்கிவிட்டால் நீளத்தைக் குறைத்து, கழுத்து ரிப்பைப் பிரித்துச் சிறியதாக மாற்றுங்கள். தோளைத் தொடாதீர்கள்.

இரண்டு, கிழிந்த ஜீன்ஸ். டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. அழகான கிழிசலில் வெள்ளை நூல் குறுக்கே தொங்கி நிற்கும். அதற்கு ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து முட்டி வரும் இடத்தில் சாக்பீஸால் குறியுங்கள். நின்றபடி குறித்தால் கிழிசல் இடம் மாறிவிடும். உள்ளே ஒரு பலகைத் துண்டு. குறுக்குவாட்டில் இரண்டு கீறல், ஒவ்வொன்றும் 5 செ.மீ., நடுவில் 2 செ.மீ. இடைவெளி. இடையில் இருக்கும் நீல நூல்களை மட்டும் ட்வீசரால் ஒவ்வொன்றாக உருவுங்கள். ஓரங்களை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். சுற்றிலும் உள்பக்கம் நெருக்கமான ஜிக்ஜாக் தையல், இல்லாவிட்டால் மூன்றாவது சலவையில் கால் முழுவதும் பிளந்துகொள்ளும். ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸில் இதைச் செய்ய வேண்டாம். ஊடையில் ரப்பர் நூல் இருக்கும், அறுந்ததும் புழுப்போலச் சுருளும். கவட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் எந்தக் கீறலும் கூடாது.

சுருள்கற்றை

பாப் மார்லி படத்தோடு ட்ரெட்லாக் கேட்பவர்களுக்கு: அவருக்கு அது ராஸ்தஃபாரி (ஜமைக்காவில் தோன்றிய மதம்) நம்பிக்கை சார்ந்தது, ஃபேஷனாக மட்டும் எடுப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு எடுக்கட்டும். செய்முறையில், மிகச் சுருளான முடி தானாகவே பூட்டிக்கொள்ளும். சீப்பால் முறுக்கியோ இரண்டு புரியாகப் பின்னியோ தொடங்கினால் போதும். நேர்முடி பூட்டாது. 2-2.5 செ.மீ. சதுரமாகப் பிரித்து, நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக எதிர்த்துச் சீவி, குரோஷே ஊசியால் உள்ளே இழுத்து இழுத்துக் கட்ட வேண்டும். மெழுகு பூசாதீர்கள், அழுக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வரவே வராது. கழுவக் கூடாது என்பது பொய். வாரம் ஒருமுறை கழுவி, உள்வரை காய வேண்டும். ஈரத்தோடு தூங்கினால் உள்ளே பூஞ்சை பிடித்து நாற்றம் வரும், அதற்கப்புறம் வெட்டுவதுதான் வழி.

ராப் பாடகர்களின் கார்ன்ரோ (தலையோடு ஒட்டி வரிசையாகப் போடும்) பின்னலில் ஒரே எச்சரிக்கை: முதல் நாள் இரவு தலைவலி, முடிவிளிம்பில் சிறு கொப்புளம் இருந்தால் பின்னல் மிக இறுக்கம். "பழகிவிடும்" என்று விடாதீர்கள். அவிழ்த்துவிடுங்கள். தொடர்ந்து இழுபட்டால் நெற்றியோர முடி நிரந்தரமாகப் போகும். நல்ல பின்னலையும் ஆறு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

புதுராகம்

கடைசியாக ஒன்று. பள்ளி, வேலை காரணமாக வெளிப்படையாகச் செய்ய முடியாதவர்கள்? கச்சேரிக்கு ஒரு நாள் மட்டும் வேண்டும் என்றால்?

நிறக்கலவை

பாடகர்களே அப்படித்தான் செய்கிறார்கள். டீனா டர்னரின் 80களின் சிங்கப்பிடரி விக். பில்லி ஐலிஷ் 2021-இல் பொன்னிறத்துக்கு மாறியபோது, அதற்கு முன் சில வாரம் மக்கள் பார்த்த பச்சை வேர் விக் என்று அவரே காட்டினார்.

ஒரு நாளுக்கு: கலர் மெழுகு கருப்பு முடியிலும் தெரியும், ஸ்ப்ரேயைவிடத் துணியில் குறைவாக ஒட்டும். காய்ந்த முடியில், கொத்துக் கொத்தாக, நுனியிலிருந்து மேலே. முதலில் கிரீமோ ஹேர்ஸ்ப்ரேயோ வேண்டாம், மெழுகே பிடித்துக்கொள்ளும். இரவே கழுவிவிடுங்கள். ஏற்கெனவே பிளீச் செய்த முடியில் மட்டும் கவனம், அதில் கழுவினாலும் கறை நிற்கும்.

நிரந்தரமாக ஆனால் மறைவாக வேண்டுமென்றால் பிடரிக்கு மேலே, காதுக்குப் பின்னால் உள்ள அடிமுடியை மட்டும் பிளீச் செய்யலாம். மேல்முடி மூடிக்கொள்ளும், வாரித் தூக்கினால் தெரியும். பிடிக்காவிட்டால் வெட்டி எடுப்பதும் சுலபம்.

மூணாம்நம்பர்

அதற்கு மேல்முடி குறைந்தது 12 செ.மீ. இருக்க வேண்டும், சொல்லிவிடுகிறேன். குட்டை முடியில் காற்றடித்தாலே எல்லாம் வெளியே தெரியும்.